தண்டர்பேர்டில் ஃபோல்டர் கோளாறுகள்: டெல்டாவின் சின்ன ஆபீஸ்களில் பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இன்பாக்ஸ் திடீரென்று காலியாகத் தெரிந்தால், எதையும் தொடுவதற்கு முன் ஒரு கோப்பின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' (உங்கள் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் இடம்) என்ற வரி இருக்கும். அதன் பக்கத்திலுள்ள 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டனை அழுத்துங்கள். உள்ளே பாப் கணக்குகளுக்கு (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் முறை) 'மெயில்', ஐமாப் கணக்குகளுக்கு (மெயில் சர்வரிலேயே இருக்க, இங்கே பிரதி வைக்கும் முறை) 'ஐமாப்மெயில்'. அதற்குள் உங்கள் மெயில் சர்வர் பெயரில் ஒரு ஃபோல்டர். அங்கே கோப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று வெறுமனே 'இன்பாக்ஸ்' என்று வால் (பெயருக்குப் பின் புள்ளி வைத்து வரும் எக்ஸ்டென்ஷன்) இல்லாமல்; இன்னொன்று அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்று முடியும். வால் இல்லாத கோப்பு 1.8 ஜிபி என்று காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். மெயில்கள் அதற்குள் இருக்கின்றன, திரைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வால் இல்லாதது எம்பாக்ஸ் கோப்பு. ஒரு மெயிலுக்குக் கீழே அடுத்த மெயில் என்று வரிசையாக ஒட்டி எழுதிய வெறும் உரை. எம்எஸ்எஃப் என்பது அதற்கான அட்டவணை: தலைப்பு என்ன, யார் அனுப்பியது, கோப்பில் எந்த இடத்தில் அந்த மெயில் தொடங்குகிறது என்ற விவரங்கள். பேரேடு பத்திரமாக இருக்கும்போது அதன் முன்பக்கத்து அட்டவணை மட்டும் கிழிந்துபோனது போலத்தான் பெரும்பாலான ஃபோல்டர் கோளாறுகள். 2004 டிசம்பரில் 1.0 வந்த காலத்திலிருந்து இந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. இந்த மென்பொருளின் பெரிய பலமாக நாங்கள் மதிப்பது இதைத்தான். நோட்பேடிலேயே திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் பத்து வருட மெயில் இருப்பது சாதாரண விஷயமில்லை. பலவீனம் அட்டவணை. கொஞ்சம் அசைத்தாலும் அது குலைந்துவிடுகிறது.

அசைப்பது பெரும்பாலும் கரண்ட். தண்டர்பேர்ட் அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் எம்எஸ்எஃப் பாதியில் நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து வந்து போகும் கரண்டே போதும். அதன்பின் தெரியும் அடையாளங்கள் இவை: ஒரு தலைப்பைத் தட்டினால் வேறு மெயிலின் உள்ளடக்கம் திறக்கிறது, படிக்காத மெயில் 3 என்று எண் காட்டுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, நேற்று வரை இருந்த மெயில்கள் பட்டியலில் இல்லை. மூன்றுக்கும் ஒரே மருந்துதான்.

ஃபோல்டர் மீது வலது க்ளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஜெனரல்' தாவலில் 'ரிப்பேர் ஃபோல்டர்'. இது பழைய அட்டவணையைத் தூக்கிப்போட்டு எம்பாக்ஸை முதலிலிருந்து படித்துப் புதிதாக எழுதும். சில ஜிபி உள்ள ஃபோல்டரென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நேரம் பிடிக்கும். நடுவில் வேறு ஃபோல்டருக்குத் தாவாமல் விட்டுவிடுங்கள். சில பழைய மெயில்கள் படிக்காதவையாக மாறலாம், நெடுவரிசைகளின் வரிசை கலையலாம். அதில் நஷ்டமில்லை. ரிப்பேர் வேலை செய்யாவிட்டால் கையாலேயே செய்யலாம்: தண்டர்பேர்டை மூடி, டாஸ்க் மேனேஜரில் அது ஓடவில்லை என்று உறுதிசெய்து, எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறக்க வேண்டும். விண்டோஸில் 'டைப்' நெடுவரிசையைப் பார்த்தே கை வையுங்கள். அவசரத்தில் வால் இல்லாத கோப்பை அழித்தவர்கள் மெயிலையே அழித்தவர்கள். எண்ணிக்கை மட்டும் பொய்யாக நின்றால் ப்ரொஃபைலில் இருக்கும் 'ஃபோல்டர்கேஷ்' என்ற ஜேசன் கோப்பை, மென்பொருளை மூடிவிட்டு, நீக்கினால் அடுத்த முறை புதிதாக உருவாகும்.

ஐமாப் கணக்கில் ரிப்பேரை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அங்கே ரிப்பேர் என்றால் உள்ளூர்ப் பிரதியை எறிந்துவிட்டு சர்வரில் இருப்பதைத் திரும்ப இறக்குவது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் அன்றைய டேட்டா முழுவதும் அதற்கே போகும். அதைவிட மோசமானது இன்னொன்று. சர்வரில் இடம் நிறைந்து ஹோஸ்டிங் ஆள் பழைய மெயில்களை நீக்கியிருந்தால், உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதாக இருக்கலாம். ரிப்பேர் அதையும் துடைத்துவிடும். சந்தேகம் வந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு, மென்பொருளை மூடி, 'ஐமாப்மெயில்' உள்ளிருந்து வால் இல்லாத கோப்பைப் பிரதியெடுத்து, 'மெயில்' ஃபோல்டருக்குள் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் 'பழைய-இன்பாக்ஸ்' போல ஒரு பெயரில் போடுங்கள். எம்எஸ்எஃப் வேண்டாம், அது தானாக உருவாகும். திறந்ததும் இடப்பக்கம் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே மெயில்கள். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மெயில் மீட்கவும் இதே வழிதான்.

கோளாறே இல்லாமல் மெயில் மறைவதும் உண்டு. மெயில் பட்டியலுக்கு மேலே உள்ள க்விக் ஃபில்டரில் 'அன்ரெட்' அழுத்தி, அங்கேயுள்ள குண்டூசிப் படத்தையும் அழுத்தி நிலையாக்கியிருந்தால் எல்லா ஃபோல்டரும் காலியாகத் தெரியும். ஃபோல்டர் மோட் 'அன்ரெட்' அல்லது 'ஃபேவரைட்' என்று மாறியிருந்தால் பாதி ஃபோல்டர்கள் காணோம். 2023-ல் 115 வந்து தோற்றம் மாறியபின் இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. இடப்பக்கத்தின் மேலே மூன்று புள்ளியில் 'ஃபோல்டர் மோட்ஸ்' திறந்து 'ஆல் ஃபோல்டர்ஸ்' குறியிடுங்கள். மவுஸ் இழுபட்டு ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் போய்விடுவதும் அடிக்கடி நடக்கும், எல்லாவற்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று ஏ விசை. பட்டியலில் மெயில் தேர்வாகி இருக்கும்போது அதை வெறுமனே தட்டினாலே மெயில் 'ஆர்க்கைவ்ஸ்' போய்விடும். உடனே கண்டால் கன்ட்ரோல் இசட், தாமதமானால் ஆர்க்கைவ்ஸில் தேடல்.

காம்பாக்ட், அதாவது அழித்த மெயில்களை நிஜமாகவே நீக்கிக் கோப்பைச் சுருக்கும் வேலை, பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெயிலை அழித்தால் எம்பாக்ஸிலிருந்து அது உடனே போவதில்லை. 'அழிந்தது' என்று ஒரு குறி மட்டும் விழுகிறது. இன்பாக்ஸில் 200 மெயில்தான், கோப்போ 6 ஜிபி என்றால் காரணம் இதுதான். சுவாமிமலை சிலை ஆர்டர், திருபுவனம் பட்டு மாதிரி என்று படங்களாகவே வந்து குவியும் கணக்குகளில் இது வேகமாக ஏறும். காம்பாக்ட் செய்யும்போது குறி விழாத மெயில்களை மட்டும் பக்கத்திலேயே ஒரு புதுக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பழையதை மாற்றும். ஆகவே ஃபோல்டர் 6 ஜிபி என்றால் டிஸ்க்கில் குறைந்தது அந்த அளவாவது காலி வேண்டும். நடுவில் கரண்ட் போனால் 'என்எஸ்டிஎம்பி' என்று பெயர் கொண்ட அரைகுறைக் கோப்பு மிஞ்சும். மூலக் கோப்பு முழு அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மென்பொருளை மூடிவிட்டு அதை நீக்கலாம். தானாக காம்பாக்ட் ஆவதை செட்டிங்ஸ், 'ஜெனரல்', 'டிஸ்க் ஸ்பேஸ்' பகுதியில் நிறுத்தலாம். யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்து, கரண்ட் நிலையாக இருக்கும் ஒரு மதியம் கையால் செய்வது நல்லது. ஒரு சாதாரண 600 விஏ யுபிஎஸ் தரும் சில நிமிடங்கள்கூட தண்டர்பேர்டை ஒழுங்காக மூடப் போதும்.

காம்பாக்ட் ஆகாததிலும் ஒரு லாபம் உண்டு. பாப் கணக்கில் ட்ராஷைக் காலி செய்த பிறகும், இன்பாக்ஸ் கோப்பில் அந்த மெயிலின் உரை அப்படியே இருக்கும். மென்பொருளை மூடி, கோப்பைப் பிரதியெடுத்து, பெரிய கோப்புகளைத் தாங்கும் நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து மெயிலைத் தேடுங்கள். அதன் தலைப்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' வரியில் 0009 என்று இருந்தால் படித்தது, அழிந்தது என்று பொருள். 0001 ஆக்கி, எம்எஸ்எஃப்-ஐ நீக்கித் திறந்தால் மெயில் பட்டியலுக்குத் திரும்பும். முக்கியமான மெயில் அழிந்தது தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது மென்பொருளை மூடுவது. திறந்தே இருந்தால் தானியங்கி காம்பாக்ட் ஓடி அந்த உரையையும் கொண்டுபோய்விடும்.

ஆன்டிவைரஸால் வரும் இழப்பு இதைவிடக் கொடியது. ஒரே ஒரு மெயிலில் வைரஸ் இணைப்பு இருந்தாலும் ஆன்டிவைரஸின் கண்ணுக்கு 'இன்பாக்ஸ்' ஒரே கோப்பு. முழுக் கோப்பையும் க்வாரன்டீனில் (சந்தேகக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் இடம்) தூக்கிப்போட்டால் எல்லா மெயிலும் ஒரே அடியில் போகும். அளவைப் பார்க்கும்போது வால் இல்லாத கோப்பு இல்லவே இல்லை, அல்லது 0 கேபி என்றால் நேராக ஆன்டிவைரஸின் க்வாரன்டீன் பட்டியலுக்குப் போங்கள். பெரும்பாலும் 'ரெஸ்டோர்' கிடைக்கும். பிறகு ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். தண்டர்பேர்டில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பகுதியில், வரும் மெயில்களைத் தனித்தனியாக க்வாரன்டீன் செய்ய ஆன்டிவைரஸை அனுமதிக்கும் பெட்டியையும் குறியிடுங்கள். அப்போது ஒவ்வொரு மெயிலும் முதலில் தற்காலிகக் கோப்பாக இறங்கும். அகப்பட்டால் அந்த ஒன்று மட்டும் போகும்.

இனி ஃபோல்டர் பெயர்கள். தமிழில் பெயர் வைப்பது நல்ல பழக்கம், ஆனால் ஐமாப் சர்வரில் அந்தப் பெயர் வேறு உருவத்தில் எழுதப்படுகிறது. 'குறுவை' என்பதில் ஆறு யூனிகோடு குறிகள். சர்வரில் அது 18 ஆங்கில எழுத்துக் கோவையாகிறது. தமிழ்ப் பெயர் கொண்ட கோவை எப்போதும் & குறியோடும் அடுத்து சி எழுத்தோடும் தொடங்கும். ப்ரொஃபைலில் அப்படியொரு கோப்பைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று நீளமான தமிழ்ப் பெயர்களை அடுக்கினால், விண்டோஸின் வழக்கமான 260 எழுத்துப் பாதை வரம்பு சீக்கிரம் நெருங்கும். மேல்மட்டப் பெயர்களைச் சின்னதாக வையுங்கள்.

பெயரில் சாய்கோடு வேண்டவே வேண்டாம். 'சம்பா 2023/24' என்று வைத்தால், ஜிமெயில் போல சாய்கோட்டைப் பிரிப்பானாகக் கொண்ட சர்வர் 'சம்பா 2023' என்ற ஃபோல்டருக்குள் '24' என்று பிரித்துவிடும், அல்லது மறுத்துவிடும். புள்ளியைப் பிரிப்பானாகக் கொண்ட ஹோஸ்டிங் சர்வர்களில் 'ஆர்.ஓ. பிளான்ட்' என்ற பெயருக்கும் இதே கதி. சிறு கோடு போட்டு 'சம்பா 2023-24' என்று எழுதினால் எங்கும் சிக்கல் இல்லை.

ஆண்டு பற்றி இன்னொன்றும் உண்டு. தண்டர்பேர்டின் ஆர்க்கைவ் வசதி ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றுதான் பிரிக்கும். நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். சம்பாவோ ஆகஸ்ட்டில் விதைத்துத் தைக்குப் பின் அறுவடை. விதை ஆர்டர் ஒரு வருட ஃபோல்டரிலும் நெல் விற்ற பில் அடுத்த வருட ஃபோல்டரிலும் போய் விழும். ரைஸ் மில்லுக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கும் ஆர்க்கைவை நம்பாமல், நிதியாண்டுக்கு ஒரு லோக்கல் ஃபோல்டர் என்று கையால் நகர்த்துவதே எங்கள் சிபாரிசு. நகர்த்தும்போது ஒரே மூச்சில் பத்தாயிரம் மெயிலைத் தேர்வு செய்யாமல் ஐந்நூறு ஐந்நூறாக நகர்த்துங்கள். ஃபோல்டரை இடம் மாற்றினால் அல்லது அழித்தால், அதற்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்த மெசேஜ் ஃபில்டரையும் திறந்து இலக்கு சரியா என்று பாருங்கள்.

ஜிமெயில் கணக்கில் 'ஆல் மெயில்' ஃபோல்டரும் இறங்கினால் ஒவ்வொரு மெயிலும் டிஸ்க்கில் இரண்டு முறை உட்காரும். அக்கவுண்ட் செட்டிங்ஸ், 'சிங்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்', 'அட்வான்ஸ்டு' போய் அதன் குறியை எடுங்கள். அனுப்பிய மெயில் 'சென்ட்' ஃபோல்டரில் இரட்டையாக விழுந்தால் 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் பிரதி வைக்கும் பெட்டியை நீக்குங்கள். ஜிமெயில் தானே ஒரு பிரதி வைக்கிறது. 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளுக்கு வெறும் பாஸ்வேர்டு முறையை கூகுள் நிறுத்திவிட்டதால், பழைய அமைப்பில் ஃபோல்டர் பட்டியலே திறக்காது. சர்வர் செட்டிங்ஸில் 'ஓஆத்2' (கூகுளின் பக்கத்திலேயே லாகின் செய்து அனுமதி தரும் முறை) தேர்ந்தெடுத்து, தண்டர்பேர்டில் குக்கீகளையும் அனுமதிக்க வேண்டும். சொந்த டொமைன் மெயிலில் இன்பாக்ஸுக்குள் ஒரு 'சென்ட்', வெளியே ஒரு 'சென்ட்' என்று தெரிந்தால், உண்மையில் மெயில் நிறைந்திருக்கும் ஒன்றை அதே 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் தேர்ந்தெடுத்தால் போதும்.

பேக்கப் எடுக்க, மென்பொருளை மூடிவிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாகப் பிரதியெடுப்பதே சிறந்த வழி. உள்ளேயே இருக்கும் எக்ஸ்போர்ட் வசதி 2 ஜிபிக்கு மேல் போனால் கைவிரித்துவிடும். பாப் கணக்கென்றால் 'பாப்ஸ்டேட்' கோப்பும் பிரதியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்த மெயில் ஏற்கெனவே இறங்கியது என்று அதில்தான் குறித்திருக்கிறது. அது இல்லாமல் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் சர்வரில் கிடக்கும் அத்தனையும் மறுபடி இறங்கி இரட்டையாகும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபி தாண்டிய இன்பாக்ஸ் அதில் ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பிரதி முடிந்ததும் இரண்டு பக்கமும் 'இன்பாக்ஸ்' கோப்பின் பைட் எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு டிரைவைக் கழற்றுங்கள்.