எக்ஸ்பாட்ஸ்: அஞ்சாவது பாகத்துக்காகவே பாருங்கள்

பிரைம் வீடியோவில் 2024 ஜனவரியில் வந்த ‘எக்ஸ்பாட்ஸ்’ தொடரைப் போன மாசம்தான் பார்த்து முடித்தேன். மொத்தம் 6 பாகம். மகள்தான் டிவியில் போட்டுக் கொடுத்தாள். ஹாங்காங்கில் பெரிய அடுக்குமாடியில் குடியிருக்கிற வெளிநாட்டுப் பணக்காரங்க கதை என்று சொன்னதும் எனக்கு மனசே ஒட்டவில்லை. அந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே 6 வருஷம் இருந்துவிட்டு வந்தவள் நான். 2009லிருந்து 2015 வரைக்கும் சிங்கப்பூரில், ஒரு காண்டோவில், அதாவது வசதியானவர்கள் இருக்கிற தனியார் அடுக்குமாடியில், 17ஆவது மாடியில் வீட்டு வேலை. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்தத் தொடரில் என் கண் எடுத்த எடுப்பிலேயே போனது சமையல்கட்டுப் பக்கம்தான்.

கதை 2014இல் நடக்கிறது. மார்கரெட்டாக நிக்கோல் கிட்மன். அவளுடைய கடைக்குட்டிப் பையன் குஸ், இரவுச் சந்தை நெரிசலில் காணாமல் போய்விடுகிறான். அப்போது அவன் கையைப் பிடித்திருந்தவள் மெர்சி என்ற இளம்பெண். மார்கரெட் இருக்கிற கட்டடத்திலேயே ஹிலாரி இருக்கிறாள், பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கக்காரி, சரயு ப்ளூ நடித்திருக்கிறார். இந்த மூன்று பெண்களைச் சுற்றித்தான் முதல் நாலு பாகமும். இயக்கியவர் லூலூ வாங். ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது பாகத்தில் அந்தச் சந்தையில் பிள்ளையைத் தேடுகிற இடம் வரும்போது என் கை தானாக மகள் கையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மூன்றாவது பாகம் எனக்கு இழுவையாகத்தான் பட்டது. மெர்சியின் காதல் விவகாரம் அவ்வளவு நீளம் தேவையில்லை. லிப்டில் மாட்டிக்கொண்ட ஹிலாரியும் அவள் அம்மாவும் பழைய கதையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிற இடம் நன்றாக இருக்கிறது. அந்த அம்மாவாக வருகிறவர் பிரமாதம்.

மார்கரெட் யாருக்கும் சொல்லாமல் தனக்கென்று ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே போய்க் குளியல் தொட்டியில் தனியாகப் படுத்திருப்பாள். அவள் துக்கம் பெரிய துக்கம், பிள்ளையைத் தொலைத்தவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலி வீட்டைப் பார்த்தபோது எனக்கு என் அறைதான் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் அப்போது கட்டிய வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள என்று ஒரு சின்ன அறை இருக்கும். கனமான இரும்புக் கதவு, கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது. அதற்குள்ளேதான் என் மெத்தை. கூடவே அரிசி மூட்டை, வீட்டுக்காரங்களுடைய பெட்டிகள், இஸ்திரிப் பலகை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்து வைத்தால் யார் சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தாலும் நான் படுத்திருப்பது தெரியும். 6 வருஷமும் நான் புடவை மாற்றியது கழிவறையில்தான். தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்ற மார்கரெட்டின் தவிப்பு எனக்கு அவளைவிட நன்றாகவே தெரியும்.

ஹாங்காங்கிலும் சட்டமே அப்படித்தான். 2003லிருந்து, வெளிநாட்டிலிருந்து வருகிற வேலைக்காரப் பெண்கள் முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும். அந்த ஒரு ஊரில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் பெண்கள் இப்படி இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரங்கதான் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்ட்ரல் என்கிற பகுதியில் பெரிய பெரிய பேங்க் கட்டடங்களுக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாடு, சிரிப்பு, ஊருக்குப் போன், எல்லாம் அங்கேதான்.

அஞ்சாவது பாகத்துக்குப் பேரே ‘சென்ட்ரல்’. ஒரு முழுப் படம் அளவுக்கு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதுவரைக்கும் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்த எஸ்ஸி, புரி என்ற இரண்டு வேலைக்காரப் பெண்கள் அதில் முன்னுக்கு வருகிறார்கள். எஸ்ஸி மார்கரெட் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறவள். புரி ஹிலாரி வீட்டில் வேலை செய்கிறாள், நன்றாகப் பாடுவாள். அன்றைக்கு மழை கொட்டுகிறது. பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் வீட்டு மேடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். யார் வீட்டில் புருஷன் பொண்டாட்டி பேசிக்கொள்வதில்லை, யார் வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, எல்லாமே இவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் நம்ம ஆட்கள் கூடுகிற தேக்கா பக்கம் கோயிலுக்கு வந்தால் நாங்களும் இப்படித்தான். மாசத்துக்கு ஒரு நாள்தான் வெளியே விடுவார்கள் எனக்கு. வாரம் ஒரு நாள் லீவு என்ற சட்டம் சிங்கப்பூரில் 2013இல்தான் வந்தது. வந்த பிறகும் லீவுக்குப் பதிலாகக் காசு கொடுக்கலாம் என்று இருந்ததால் எனக்குக் காசுதான் கிடைத்தது.

எஸ்ஸியாக நடித்த ரூபி ரூயிஸைப் பற்றி எழுத வேண்டும். ஊரில் இருக்கிற தன் குடும்பத்தோடு அவள் போனில் பேசுகிற முகத்தைப் பாருங்கள். கண்ணில் தண்ணி நிற்கும், குரலில் அது தெரியாது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் பேசினோம். அது நடிப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. காணாமல் போன குஸ் அவளுக்கும் பிள்ளைதான். ஆனால் அவள் அழ அந்த வீட்டில் இடம் இல்லை.

புரியின் கதை இன்னும் வலிக்கும். ஒரு ராத்திரி ஹிலாரி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒயின் ஊற்றிக் கொடுத்து, முகத்துக்கு மேக்கப் போட்டு, தோழி மாதிரி பேசுகிறாள். புரி அதை நம்பிவிடுகிறாள். எனக்கும் இது நடந்தது. எங்கள் மேடம் வடக்கத்திக்காரர். நல்ல மனசு, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலாவது வருஷம், ஐயா வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரி, “உட்காரு” என்று சோபாவைக் காட்டினார். அன்றைக்கு வரைக்கும் அந்த சோபாவைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. தன் மாமியாரைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, மணி ஒன்று வரைக்கும் பேசினார். என் முந்தானைத் தையலைத் தொட்டுப் பார்த்து “நீயே தைச்சதா?” என்று கேட்டார். “நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்றார். விடிந்ததும் ராத்திரி வைத்த கிளாஸ் இரண்டும் மேசையிலேயே இருந்ததற்குத் திட்டு விழுந்தது. இரண்டில் ஒன்று நான் குடித்தது. புரி மறுநாள் நிற்கிற நிலையைப் பார்த்ததும் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

குறையும் இருக்கிறது. ஆறாவது பாகம் மறுபடியும் அந்த மூன்று பெண்களிடமே போய்விடுகிறது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, புரியை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். ஹாங்காங் ஜனங்கள் 2014இல் குடையோடு தெருவில் உட்கார்ந்து நடத்திய போராட்டமும் கதையில் வருகிறது, அதுவும் தொட்டுவிட்டுப் போகிற மாதிரிதான். தொடர் வந்த சமயத்தில் ஹாங்காங்கில் இருக்கிறவர்களாலேயே இதைப் பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு வருத்தம். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற தொடர் இல்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு அப்பார்ட்மெண்டில் என் அக்கா சமையல் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இந்த அஞ்சாவது பாகத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாது, மகள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். பாதிக்கு மேல் அக்காவே “வேணாம், எனக்கு வெளங்குது” என்றாள்.

அந்த மழைக் காட்சியில்தான் மகள் நிறுத்திவிட்டுக் கேட்டாள், “தானே புயலப்ப நீ என்னம்மா பண்ணிட்டிருந்த?” 2011 டிசம்பர் 30, விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புயல் கரை கடந்தபோது அவளுக்கு 7 வயசு, தேவனாம்பட்டினத்தில் என் அம்மாவோடு இருந்தாள். வீட்டு ஷீட்டு பறந்துபோய் இரண்டு பேரும் பக்கத்து மாடி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள் என்று மூணு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டிப் போட்டுப் பார்த்தேன், லைனே போகவில்லை. புயல் அடித்த அன்றைக்கு ராத்திரி சிங்கப்பூரில் மேடம் வீட்டில் 14 பேருக்கு விருந்து.

“ரெண்டு கிலோ எறா உரிச்சுக்கிட்டிருந்தேன்” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டே நகர்ந்து உட்கார்ந்து மீதிப் படத்தைப் போட்டாள்.