பாக்கெட் பிரஷ் பேனா: பத்திரிகை வேலைக்கும் சொந்தப் படத்துக்கும் ஒரே தூரிகை

கதைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் வரைந்து பிழைப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் கருவி பென்டெல் நிறுவனத்தின் பாக்கெட் பிரஷ் பேனாதான். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்பீடுகள் நிறையக் கிடைக்கின்றன. பல ஆண்டுகளாக இதை வைத்தே சம்பாதித்து, இதை வைத்தே எனக்காகவும் வரைந்து, இழைகள் தேய்ந்து, தூரிகைத் தலையை மாற்றி, அதுவும் தேய்ந்த பிறகு எழுதும் மதிப்பீடு இது.

மூடியிருக்கும்போது பார்த்தால் சாதாரண மை பேனாதான். மூடியைக் கழற்றினால் நிப் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் இழைகளால் ஆன தூரிகை இருக்கும். கடைகளில் பிரஷ் பேனா என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை கூரான பஞ்சு முனை கொண்டவை. அழுத்தினால் வளையும், சில வாரங்களில் மழுங்கிவிடும். இதில் இருப்பவை தனித்தனி இழைகள். நுனியால் தொட்டால் மயிரிழை போன்ற கோடு, படுக்க வைத்து இழுத்தால் விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த கறுப்புப் பட்டை. உள்ளே மை கார்ட்ரிட்ஜ். நிறமி மை என்பதால் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. அதன் மேல் தைரியமாக நீர்வண்ணம் பூசலாம். தையற்காரரிடம் காத்திருக்கும்போதோ ரயிலிலோ மைப் புட்டியும் தண்ணீர்க் கிண்ணமும் இல்லாமல் தூரிகையால் வரைய முடிகிறது என்பதுதான் இதன் முழுப் பெருமையும்.

தமிழ்ப் பத்திரிகைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தூரிகைக் கோடு ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. கோபுலுவின் படங்களில் ஒரு வேட்டி மடிப்பு தடித்துத் தொடங்கி மெலிந்து மறையும் இடத்தைப் பாருங்கள். அந்த ஆள் நிற்கிற தோரணை முழுவதும் அந்த ஒரு கோட்டில் இருக்கும். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் எதிரில் உட்கார்ந்து வரைந்தார். அவை ஆனந்த விகடனில் தொடராக வந்தன. ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களில் மெலிந்த உடலும் வேகமான நடையும் சில கீற்றுகளிலேயே வந்துவிடுகின்றன. ஒரே அகலத்தில் ஓடும் டெக்னிக்கல் பேனாவால் நானும் நிறைய வரைந்திருக்கிறேன். கட்டடங்களுக்கு அது போதும். ஆனால் மனித உடம்புக்கு, அதிலும் புடவைக்கும் வேட்டிக்கும், கோடு தடித்து மெலிந்தாக வேண்டும்.

இனி தொழிலுக்கு வருகிறேன். பத்திரிகைக் கதை பெரும்பாலும் மாலையில் வரும். மறுநாள் மதியத்துக்குள் படம் போக வேண்டும். கதையை இரண்டு முறை படித்து, பென்சிலில் உள்ளங்கை அளவு ரஃப் மூன்று நான்கு போட்டு, ஒன்றை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். ஒப்புதல் வந்ததும், அச்சில் வரப்போகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தாளில் மை போடுவேன். சுருக்கி அச்சிடும்போது கோட்டின் நடுக்கங்கள் அடங்கிவிடும். ஆனால் மெல்லிய கோடுகளும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. நாளிதழ் அச்சாகும் நியூஸ்பிரிண்ட் தாளில் மை சற்றுப் பரவும்; நெருக்கமாகப் போட்ட குறுக்குக் கோடுகள் அச்சில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் அந்த வகைத் தாளுக்கு வரையும்போது நிழலைக் கோடுகளால் நிரப்பாமல், பிரஷ் பேனாவைப் படுக்க வைத்து ஒரே இழுப்பில் முழுக் கறுப்பாகவே போட்டுவிடுகிறேன். கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்தால் மட்டமான அச்சிலும் படம் நிற்கும்.

ஸ்கேன் செய்யும் விஷயத்தில் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோட்டோவியத்தை 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். வண்ணப் பக்கமாக இருந்தால் கோட்டைக் கணினியில் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, அது கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டில் மட்டும் விழும்படி கொடுங்கள். கறுப்பு, வண்ண அச்சின் நான்கு மைகளிலும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) பிரிந்துவிட்டால், அச்சில் தகடுகள் துளி நகர்ந்தாலும் கோட்டின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். இவ்வளவு அழகான கோட்டைப் போட்டுவிட்டு இந்த இடத்தில் கோட்டை விடுவது மனத்துக்கு வேதனை தரும்.

திருத்தங்கள்தான் இந்தப் பேனாவின் சங்கடம். நாயகிக்கு வயது குறைய வேண்டும், தாத்தாவுக்கு மீசை வேண்டாம் என்று கடைசி நேரத்தில் செய்தி வரும். தாளில் காய்ந்த நிறமி மையை எதுவும் செய்ய முடியாது. வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) பூசித் திருத்தலாம். ஆனால் அதன் மேல் தூரிகை வழுக்கும் விதமே வேறு. நான் தலையை மட்டும் வேறு தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் பொருத்திவிடுவேன். திருத்தங்கள் அடுக்கடுக்காக வரும் விளம்பர வேலை, பாடநூல் வேலை போன்றவற்றுக்கு ஐபேடும் அதில் வரைவதற்கான புரோகிரியேட் செயலியும்தான். 2011-ல் வெளிவந்த அந்தச் செயலிக்கு ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை என்பது எங்களைப் போன்ற நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்குப் பெரிய ஆறுதல். இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு போய்விடும். கதைப் படங்களுக்கு அதே வசதிதான் எனக்கு ஒத்துவரவில்லை. அழிக்க முடியும் என்று தெரிந்ததும் கை தயங்குகிறது. ஒரே கோட்டைப் பலமுறை போட்டுப் பார்க்கிறது. கடைசியில் மிஞ்சுவது உயிரில்லாத சுத்தமான கோடு. அழிக்க முடியாத மையோடு உட்காரும்போது, கோடு விழுவதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்க்கும் பழக்கம் வேலையால் வருவதில்லை, யாரும் கேட்காமல் வரையும் படங்களால்தான் வருகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்கட்டும் ஒரு பெண்மணியை அடிக்கடி வரைவதுண்டு. நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருப்பார். இடது கை இரண்டிரண்டு மொட்டாக எடுத்து எதிரெதிராக வைக்கும். வலது கை நாரைச் சுழற்றி முடிச்சை இறுக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடிந்து, சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி நிற்கும். இதைப் பென்சிலில் கோட்டின் மேல் கோடாகத் தேடிப் பிடிக்க நேரம் கிடையாது. முடிச்சு விழுவதற்குள் கை அடுத்த மொட்டுக்குப் போய்விடும். பிரஷ் பேனாவில் முழங்கையிலிருந்து ஒரே இழுப்பு, மணிக்கட்டில் அழுத்தம், சுண்டுவிரலில் நுனி மட்டும். வந்தால் வந்தது, வராவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று. அந்த ஸ்கெட்ச் புத்தகத்தின் பக்கங்களில் முகமே இல்லாமல் கைகளாக நிறைந்திருக்கின்றன.

பின்னொரு நாள் ஒரு சிறுகதை வந்தது. மருமகளோடு பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டே இருக்கும் மாமியார். முகத்தில் கோபத்தைக் காட்டினால் நாடகத்தனமாகிவிடும். குனிந்த தலையும் அந்த மணிக்கட்டும் விலகி நின்ற சுண்டுவிரலும் எனக்கு உடனே கிடைத்தன. முகம் பாதி தெரியாமலே படம் போனது. ஒரு திருத்தம்கூட வரவில்லை. தொழில்வேலைக்கும் சொந்த ஓவியத்துக்கும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு நேரம் என்று பிரித்து வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. தெருவில் பழகிய அதே பேனா மேசையிலும் இருந்தால், கை கற்றது அப்படியே வந்து சேர்கிறது.

தாளில் வரைவதில் இன்னொரு நன்மை: அசல் நம்மிடம் இருக்கிறது. அசல் தாள் வேறு, அதன் பதிப்புரிமை வேறு. இரண்டையும் தனித்தனியே பேசிக்கொள்ள வேண்டும். நான் ஒரு நூலுக்கு வரைந்த படங்களை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாட்காட்டியில் போட்டுவிட்டார்கள். அன்று வந்த கோபத்தில்தான் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றே கொள்ளப்படும். அதே சமயம், பணம் கொடுத்து வரையச் சொன்ன சில வகைப் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எனவே சிறிய வேலையாக இருந்தாலும் எந்த நூலுக்கு, எந்தப் பதிப்புக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று நான்கு வரி மின்னஞ்சலில் கேட்டு, கையொப்பமிட்ட தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் தாமதமாக வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படம் கைவிட்டுப் போவதைப் பொறுக்க முடியாது.

மீண்டும் பேனாவுக்கு. குறைகள் இல்லாமல் இல்லை. மை மெதுவாகத்தான் காய்கிறது. வழவழப்பான தாளில் இன்னும் மெதுவாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் ஈரக் காற்றுக்கு ஒரு பக்கத்தை மூடுவதற்குள் பொறுமை போய்விடும். இடது கைக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்வை வேறு. கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்வது என் வழக்கம். புதிய கார்ட்ரிட்ஜைச் செருகியதும் மை நுனிக்கு வரச் சற்று நேரமாகும். அவசரப்பட்டு அழுத்தினால் சொட்டும். பேனாவை எப்போதும் நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். மூடும்போது ஓர் இழைகூட வெளியே மடங்கக் கூடாது. மடங்கினால் அந்த இழை பிறகு நேராகவே நிற்காது.

கார்ட்ரிட்ஜ் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால் கிடைக்கும்போதே சேர்த்து வாங்கிவிடுகிறேன். தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஊசிக்குழல் மூலம் மை நிரப்புவதும் உண்டு. பிளாட்டினம் கார்பன் போன்ற, மை பேனாவுக்கென்றே தயாரான நிறமி மையாக இருக்க வேண்டும். அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனா முடிந்தது.

தாளைப் பொறுத்தவரை, அன்றாட ஸ்கெட்ச்சுக்குச் சற்றுக் கனமான சாதாரணத் தாளே போதும். புதுச்சேரி ஆசிரமக் கைத்தாளில் உலர்ந்த தூரிகையின் சொரசொரப்பு அற்புதமாக வருகிறது; ஆனால் கரடான தாள் நுனியைச் சீக்கிரம் தேய்க்கும். அதனால் கையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் வைத்திருக்கிறேன். நுனி கூராக இருப்பது முகங்களுக்கும் கைகளுக்கும். இழைகள் பிரிந்து விரிந்துவிட்ட பழையது தென்னங்கீற்றுக்கும் நரைத்த தலைக்கும் கூரையில் விழும் மழைக்கும். தேய்ந்த தலையைத் தூக்கி எறியாதீர்கள், அந்த வேலைகளைப் புதிய தூரிகையால் செய்யவே முடியாது.