ஐந்து ஸ்டார் ஏசி வாங்குகிறவர்கள் லேபிளில் தேதியைப் பாருங்கள்

2023 ஏப்ரலில், மதுரை வெயில் தாங்காமல் அப்பா அறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கினேன். கடை பேர் வேண்டாம். "மூணு ஸ்டார் எடுத்தா கரண்ட் பில் கடிக்கும் சார், அஞ்சு ஸ்டாரே எடுங்க" என்றார் விற்பனையாளர். ஒன்பதாயிரம் கூடுதல். சரி, பில்லில் மீண்டுவிடும் என்று தலையாட்டினேன்.

மாட்டிய மறுநாள், ஸ்டார் லேபிள் மேல் அசிங்கமாக ஒட்டியிருந்த 'வட்டியில்லாத் தவணை' ஸ்டிக்கர் கண்ணை உறுத்தியது. தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடியில் லேபிளுக்கான காலம்: 2022 ஜூன் 30 வரை.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் இந்த ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்கும். ஸ்பிளிட் ஏசிக்கு 2022 ஜூலையில் வந்த அளவுகோல்படி ஐந்து ஸ்டார் என்றால் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண் (செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு) குறைந்தது 5 இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 4.5 போதும். என் லேபிளில் 4.6. புதுக் கணக்கில் அது நான்கு ஸ்டார்தான். கரண்டில் வித்தியாசம் நூற்றுக்கு எட்டு யூனிட், அவ்வளவுதான். ஆனால் நான்கு ஸ்டாருக்கு ஐந்து ஸ்டார் விலை கொடுத்தோமே என்ற வயிற்றெரிச்சல் தீரவில்லை.

இன்னொன்று, வாங்கும்போது லேபிளில் உள்ள வருட யூனிட்டை விற்பனையாளர் ஆறால் வகுத்து, "ரெண்டு மாசத்துக்கு இவ்ளோதான்" என்று கால்குலேட்டரைக் காட்டினார். அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேரம் மட்டும் ஓடினால் வருவது. மே மாதம் அப்பா அறையில் தினம் பத்து மணி நேரம் ஓடியது. வீட்டின் இரண்டு மாத ரீடிங் 540 யூனிட். 500ஐத் தாண்டினால் கடைசி நாற்பதுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கே அப்போது 2.25 ரூபாய் போய் 4.50 ரூபாய் ஆகிவிட்டது.

கடைக்குப் போனேன். "மாட்டியாச்சு, இனி ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். ஸ்டிக்கர் யார் ஒட்டியது என்றதற்கு, "நீங்க தேதி கேக்கவே இல்லையே சார்" என்று பதில். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகுதான் மேனேஜர் போன் செய்தார். ஒரு ஸ்டெபிலைசர் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

பில் போடும் முன்னாலேயே மாடல் எண்ணைப் பணியகத்தின் ஸ்டார் லேபிள் செயலியில் தட்டிப் பார்த்துவிடுங்கள். பிறகு லேபிள் தேதியையும் பாருங்கள்: டிஸ்ப்ளேயில் இருப்பதை அல்ல, உங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் இருப்பதை, மெக்கானிக் சுவரில் துளை போடுவதற்கு முன்னால்.