திருப்பாப்புலியூர் மாடியில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்: பதினோரு மணி நேரமும் ஒரு பாட்டும்

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் வீசும் நாற்றத்தைப் பற்றி ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டி, அதைப் பதிவு செய்ய இடம் தேடி அலைந்து, கடைசியில் கடலூர் திருப்பாப்புலியூரில் ரயில்பாதைக்கு அருகே ஒரு வீட்டு மாடியில் இயங்கும் ஒலிப்பதிவுக்கூடத்தில் அதை முடித்தோம். சொந்தக் காசில், திரைப்படத்துக்கோ கட்சிக்கோ அல்லாமல், ஊர்ப் பிரச்சினையைப் பாட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கூடத்தைப் பற்றிச் செலவுக் கணக்கோடு எழுதுகிறேன். பெயரை மட்டும் போடவில்லை. உரிமையாளர் அப்படிக் கேட்டுக்கொண்டார். அம்மன் பாடல்களும் பள்ளி ஆண்டுவிழாப் பாடல்களும் தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிகளின் பிரச்சாரப் பாடல்களுமே அவருக்குச் சோறு போடுகின்றன. ஒரே மைக்கில் காலையில் ஒரு கட்சியும் மாலையில் அதன் எதிர்க்கட்சியும் பாடிவிட்டுப் போன நாள்களும் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் பாட்டு எத்தகையது என்பதைச் சொன்னால்தான் கூடத்தின் அருமை விளங்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றின் கரையோரமாக, 1980களில் தோன்றிய தொழிற்பேட்டை அது. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் காற்றின் திசையை வைத்து இன்றைக்கு என்ன வாடை வரும் என்று சொல்லிவிடுவார்கள். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நகச்சாயம் என்று ஒவ்வொரு வாடைக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு இப்பகுதி மக்களே வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவில் பாட்டை எழுதிப் பாடும் அக்கா அந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவர். வாடைகளின் பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டே போவதுதான் பாட்டு. இரண்டு பறை, ஒரு கித்தார், அக்காவின் குரல், பின்பாட்டுக்கு நான். இவ்வளவுதான் எங்கள் படை.

முதலில் புதுச்சேரியில் இதைவிடப் பெரிய, பளபளப்பான ஒரு கூடத்துக்குத்தான் சென்றோம். அங்கே இருந்தவர் வரிகளை நிதானமாகப் படித்துவிட்டு, ஊர்ப் பெயர்களையும் ஆற்றின் பெயரையும் எடுத்துவிட்டால் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2015 அக்டோபரில் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறந்துவிடவில்லை. அதே ஆண்டில்தான் கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை விட்டுச்சென்ற பாதரச மாசைப் பற்றிச் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவியது; மறு ஆண்டு அந்த நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களின் போராட்டம் பாட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது என்றாலும், ஊர்ப் பெயரோடு பாடியதால்தான் அந்தப் பாட்டுக்கு அந்த வீச்சு வந்தது என்பது என் எண்ணம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் எங்கள் பாட்டில் வெறும் நாற்றம்தான் மிஞ்சும். திரும்பிவிட்டோம்.

திருப்பாப்புலியூர்க்காரர் வரிகளைக் கேட்டதும் வேறு கேள்வி கேட்டார். "இதை எங்கே போடப் போறீங்க? போன்லயா, மேடையிலயா, ஆட்டோவில மைக் கட்டியா?" மூன்றிலும் என்றோம். அப்படியானால் மிக்சிங், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவோடு கலப்பது, இரண்டு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி, உடனே குறித்துக்கொண்டார். ஒலிப்பதிவாளரும் அவரே, மிக்சிங் செய்பவரும் அவரே, பெரும்பாலும் தேநீர் வாங்கி வருபவரும் அவரே. வரிகளைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து, மூன்றாம் சரணத்தில் சொற்கள் நெருக்கமாக இருப்பதால் அக்காவுக்கு மூச்சு முட்டும் என்பது. அது உண்மையாகவும் இருந்தது. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் பாடிக்கொண்டே நாவுக்கரசர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆளுவோரை எதிர்த்துப் பாடுவது கடலூருக்குப் புதிதன்று என்று நான் பெருமையடிக்க, "அவருக்கு ரயில் சத்தம் இல்ல தம்பி" என்றார்.

ரயில் சத்தம் இந்தக் கூடத்தின் பெருங்குறை. சுவர்களில் பஞ்சும் துணியும் மரச்சட்டமும் அடித்து எதிரொலியை நன்றாக அடக்கியிருக்கிறார். ஆனால் எதிரொலியை அடக்குவது வேறு, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு. பின்னதற்குச் சுவருக்குள் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கு இந்த மாடி தாங்காது. ஆகவே கதவுக்குப் பின்னால் ரயில் நேர அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. பதிவு அந்த அட்டவணையின்படிதான் நடக்கும். சரக்கு ரயில்கள் அட்டவணையில் இல்லாததால் எங்களுடைய நல்ல டேக் (ஒரு முறை பாடிப் பதிவு செய்தது) ஒன்று, அக்கா கடைசி வரியை இழுத்துப் பாடும் நேரத்தில், ஊதலோடு பாழானது. அந்த நேரத்துக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பறையைப் பதிவு செய்ததில்தான் அதிக நேரம் போயிற்று, அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். கடலூர்க் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். தீயில் காய்ச்சினால்தான் ஒலி விண்ணென்று எழும். மாடியில் தீ மூட்ட முடியாது என்பதால், வீட்டு முன்னால் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சிவிட்டுப் பறைக்காரர்கள் படியேறி ஓடி வருவார்கள். ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் டேக் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும். மூடிய அறையில் ஆறு பேர் வியர்க்கத் தொடங்கிய சில நிமிடங்களில் தோல் மறுபடியும் தளர்ந்துவிடும். ஆக, ஒரு முறை காய்ச்சினால் இரண்டு டேக். பிறகு மறுபடியும் படியிறங்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரியாமல் ஒரு மணி நேரத்தில் பறையை முடித்துவிடலாம் என்று வந்த எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று.

மைக் வைப்பதில் அவருடைய அனுபவம் தெரிந்தது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் விலை உயர்ந்த கண்டென்சர் மைக் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை அக்காவின் குரலுக்கு மட்டும் வைத்துவிட்டு, பறைக்கு ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 57 என்ற சாதாரண டைனமிக் மைக்குகளையே எடுத்தார். பறையின் அடி மிகப் பலமானது. டைனமிக் மைக் அதைக் கலங்காமல் வாங்கிக்கொள்ளும். அடிக்குச்சி விழும் முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு வைத்தார். முன்பக்கத்தில் குச்சியின் சுள்ளென்ற ஒலியும் பின்பக்கத்தில் தோலின் கார்வையும் (கனத்த அதிர்வொலியும்) தனித்தனியாகக் கிடைத்தன.

தாளக்கணக்குக்கு ஹெட்ஃபோனில் கிளிக், அதாவது ஒரே சீராக ஒலிக்கும் டிக்டிக் சத்தம், ஓட்டுவது எல்லாக் கூடங்களிலும் வழக்கம். எங்கள் பறைக்காரர்கள் இருவரும் சிறு வயது முதலே அடிப்பவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வேகத்தை ஏற்றி இறக்குவார்கள். கிளிக் காதில் விழுந்ததும் இருவரும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பவர்களைப் போல அடித்தார்கள். மூன்றாவது டேக்கோடு ஒலிப்பதிவாளர் கிளிக்கை நிறுத்தி, பறையை அதன் போக்கில் விட்டு, அதன்மேல் கித்தாரை வாசிக்கச் சொன்னார். கித்தார் வாசித்த நண்பருக்குச் சிரமம்தான். வேகம் கூடுகிற இடங்களை அவர் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு வெட்டி ஒட்டித் திருத்துவதும் கடினமாகும் என்பதால் பல ஒலிப்பதிவாளர்கள் இதற்கு ஒப்புவதில்லை. இவர் ஒப்பினார். பாட்டில் உயிர் இருப்பதாக யாராவது சொன்னால், அது அந்த முடிவினால்தான்.

இனி மிக்சிங். முதலில் அனுப்பிய வடிவம் காதுக்கு இனிமையாக, திரைப்பாட்டைப் போல இருந்தது. குரல் வாத்தியங்களுக்கு நடுவே அமுங்கியிருந்தது. வாடைகளின் பெயர்கள் தெளிவாக விழாவிட்டால் பாட்டே வீண் என்று எழுதி அனுப்பினோம். குரலில் மெய்யெழுத்துகளின் தெளிவு தங்கியிருக்கும் அதிர்வெண் பகுதியை, அதாவது ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலானதை, அவர் கித்தாரில் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தைக் குரலுக்கு விட்டுக் கொடுத்தார். குரலின் சத்தத்தைக் கூட்டாமலே "முட்டைக்கோஸ்" என்ற சொல் எழுத்துக்கு எழுத்து விழுந்தது. சமூகப் பாட்டுகளைப் பதிவு செய்யும் குழுக்கள் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மைக்கின் விலையைக் கேட்பதைவிட, அங்கே முன்பு பதிவான ஒரு பாட்டை வாங்கிக் கேட்டு, வரிகளை எழுதிப் பார்ப்பது நல்லது. எழுத முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.

இரண்டாவது வடிவத்துக்காக அவர் செய்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தெருமுனைக் கூட்டங்களிலும் ஆட்டோவிலும் கட்டுவது குழாய் ஒலிபெருக்கி. அதில் கனத்த கீழ்ச்சுருதிகள் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. தெரிந்த ஒலிபெருக்கிக் கடையிலிருந்து ஒரு குழாயை வாடகைக்கு எடுத்து வந்து, மொட்டை மாடியில் கட்டி, எங்கள் பாட்டை ஒலிக்கவிட்டார். நாங்கள் பாடுபட்டுப் பதிவு செய்த பறையின் கார்வை முழுவதும் மறைந்து, குச்சிச் சத்தம் மட்டும் சட்சட் என்று கேட்டது. அங்கேயே மடிக்கணினியை வைத்து, கார்வைக்கு மேலே உள்ள நடுப்பகுதியைத் தூக்கி, எதிரொலியை அறவே நீக்கி, குரலை இன்னும் முன்னே கொண்டுவந்து தனி வடிவம் ஒன்றை முடித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடிக்கு வந்து, எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கணக்குக்கு வருகிறேன். பதிவுக்கு மணிக்கு 700 ரூபாய். 11 மணி நேரத்துக்கு 7,700. மிக்சிங் 6,000, இறுதி மாஸ்டரிங் (கலந்து முடிந்த பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) 2,000. இரண்டு முறை திருத்துவது இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 500 என்பதால், நான்கு முறை திருத்தம் கேட்ட எங்களுக்கு 1,000 கூடியது. மொத்தம் 16,700 ரூபாய். குழாய் ஒலிபெருக்கிக்கான வாடகையை அவர் எங்களிடம் கேட்கவேயில்லை. பறைக்காரர்களுக்கும் அக்காவுக்கும் நாங்கள் கொடுத்த கூலி இதில் சேராது. சமூகப் பாட்டு என்றால் இலவசமாக வந்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் குழுக்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உரிமை விஷயத்தில் அவர் நேர்மையானவர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிகள் அவற்றை எழுதியவருக்கும் மெட்டு அதை அமைத்தவருக்கும் உரியவை. ஒலிப்பதிவின் உரிமையோ அதை முன்னின்று பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு உரியது. கூடத்தை வாடகைக்குக் கொடுப்பதால் மட்டும் ஒருவர் தயாரிப்பாளராகிவிட மாட்டார். ஆனாலும் எழுத்தில் எதுவும் இல்லாதபோது பின்னால் வம்பு வரும். நாங்கள் கேட்பதற்கு முன்பே, பதிவுக்கான பணம் பெற்றுக்கொண்டேன், பாட்டில் எனக்கு உரிமை ஏதும் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். குரல், பறை, கித்தார் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாகவும் வன்தட்டில் ஏற்றித் தந்தார். நாளைக்கு வேறொருவர் இதே பாட்டை மறுபடியும் மிக்சிங் செய்ய நினைத்தால் அந்தத் தடங்கள் வேண்டும்.

குறைகளில் தாமதத்தையும் சொல்லியாக வேண்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்ன மிக்சிங் ஐந்து வாரம் இழுத்தது. ஆடி மாதத்துக்கு அம்மன் பாடல்கள் குவிந்துவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். காரணம் உண்மைதான், ஆனால் அதை அவருக்குத் தெரிந்த நாளிலேயே எங்களிடம் சொல்லியிருக்கலாம். தொலைபேசியை அவர் எடுப்பது அரிது. படிக்கட்டு குறுகலாக இருப்பதால் தவில், உறுமி போன்றவற்றோடு பெரிய குழுவாக வருபவர்களுக்கு இடம் போதாது. எட்டுப் பேருக்கு மேல் உள்ள குழுக்கள் வேறு கூடத்தைப் பார்ப்பதே மேல். பெண்கள் இருக்கும் குழுக்களுக்கு ஒரு வசதி: கீழ்வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறார், குளியலறையையும் ஓய்வெடுக்க ஓர் அறையையும் திறந்து கொடுக்கிறார். இரவு ஒன்பது வரை பாடிய அக்காவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

முன்பதிவு செய்பவர்கள் ஆடியையும் மார்கழியையும் தவிர்த்துவிட்டு, வார நாளில் முற்பகலைக் கேட்டு வாங்குவது நல்லது. பறைக்காரர்கள் உடன் வருவதானால் பழைய செய்தித்தாளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அந்த வீட்டில் இருந்த கட்டு முழுவதையும் நாங்கள் எரித்துவிட்டோம்.