பதினான்கு வயது முகத்துக்கு எது: சீரமா, பரு மருந்தா, சன்ஸ்கிரீனா, பயத்தம் மாவா?

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது துணிமணி இல்லை, ஒரு ஜிப் பை. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பையைக் கட்டிலில் கவிழ்த்தால் ஏழு சாமான்: வைட்டமின் சி சீரம், ரெட்டினால், ஹையலுரானிக் ஆசிட், பெப்டைட் க்ரீம், டோனர், ஐ க்ரீம், அப்புறம் ரத்தச் சிவப்பில், மேல்தோலை உரிக்கிற ஒரு பீலிங் திரவம்.

"இதெல்லாம் எதுக்குடி?"

"சுருக்கம் வராம இருக்க, சித்தி. வந்தப்புறம் போட்டா லேட்."

சன்ஸ்கிரீன் மட்டும் அந்தப் பையில் இல்லை. கேட்டேன். "அது போட்டா முகம் விபூதி பூசின மாதிரி இருக்கு" என்றாள்.

இருபது வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் எரிச்சல் உண்டு. இது எங்கள் வீட்டுப் பிள்ளையோடு நிற்கிற கதையும் இல்லை. அமெரிக்காவில் 2023 கடைசியில், அழகுசாதனக் கடைகளில் வந்து குவிந்த பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகளுக்கு, செஃபோரா என்ற கடைச் சங்கிலியின் பெயரால் 'செஃபோரா கிட்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 7 முதல் 18 வயதுப் பெண்கள் டிக்டாக்கில் போட்ட 100 சருமப் பராமரிப்பு வீடியோக்களை அலசி 2025-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருத்திக்குச் சராசரியாக 6 பொருள். மாதச் செலவு சராசரி 168 டாலர். பகல் நேரப் பூச்சு வரிசைகளில் சன்ஸ்கிரீன் இருந்தது 26 சதவீதத்தில்தான். நம் ஊரில் 2020-லிருந்து டிக்டாக் கிடையாது. அதனால் என்ன, ரீல்ஸ் இருக்கிறதே. ஸ்வீடனில் அபோடெக் யார்டட் என்ற மருந்துக்கடைச் சங்கிலி 2024-இல், இந்த மாதிரி வீரியமான பொருட்களை 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தருவதில்லை என்று முடிவு செய்தது. எனக்கு அந்தக் கவுண்டர்காரர்கள் மேல் லேசான பொறாமை.

சரி, பையிலுள்ள நட்சத்திரம் ரெட்டினால். அதிலிருந்து ஆரம்பிப்போம்.

இது வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள் போய் இரண்டு படி மாறி ரெட்டினாயிக் அமிலமாக ஆன பிறகுதான் வேலை செய்யும். வேலை என்ன? மேல்தோல் உதிர்ந்து புதிதாக வருவதை முடுக்கிவிடுவது, தோலைத் தொங்காமல் பிடித்துவைக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுவது. நாற்பதைத் தாண்டிய தோலுக்கு இரண்டுமே தேவை. பதினான்கு வயதில் மேல்தோல் தானாகவே ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுசாகிக்கொண்டிருக்கிறது. கொலாஜன் குறைய ஆரம்பிப்பதே இருபதுகளின் நடுவில்தான். ஓடுகிற மாட்டுக்கு எதற்குச் சாட்டை?

சாட்டை வீண் என்பதோடு முடிந்தால் பணம் போச்சு என்று விட்டுவிடலாம். அடி விழுகிற இடம் நம் தோல். வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவக்கும், நாலு நாளில் அடங்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அதே எரிச்சல் கருந்தழும்பாக உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் நகராது. நம்மவர்களுக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும்; நிறத் திட்டுகள் சீக்கிரம் வரும். அதாவது, இருபது வருடம் கழித்து வரப்போகிற சுருக்கத்துக்குப் பயந்து, அடுத்த வாரமே வரக்கூடிய கருமையை விலைகொடுத்து வாங்குகிறோம்.

அந்தச் சிவப்புத் திரவம் அதைக் கண்முன் காட்டியது. பத்து நிமிடத்தில் கழுவவேண்டிய அமிலம். இவள் தடவிக்கொண்டு போனில் மூழ்கி அரைமணி நேரம் விட்டுவிட்டாள். மறுநாள் காலை இடது கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பளபளவென்று, சோப்பு பட்டாலே சுரீரென்றது. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் பந்து விளையாடினாள். இந்த அமிலங்கள் பட்ட தோலை வெயில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. கறுப்பு அடையாளம் தீபாவளி வரைக்கும் இருந்தது.

மற்றவை? வைட்டமின் சி கெட்டது இல்லை, ஆனால் நம் ஊர் வெக்கையில் அலமாரிக்குள்ளேயே டீ நிறத்துக்கு மாறிவிடும். மாறினால் தூக்கிப்போட வேண்டியதுதான். பெப்டைட், ஹையலுரானிக் ஆசிட் இரண்டும் சாது. தீமை இல்லை, பதினான்கு வயதில் பெரிய பயனும் இல்லை. ஐ க்ரீம் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை.

இனி எதிரணி. முதலில் பரு மருந்து. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இதுவும் அதே வைட்டமின் ஏ குடும்பம்தான். சொல்லப்போனால் குடும்பத்தில் மூத்தது பரு மருந்து. டிரெட்டினாயின் அமெரிக்காவில் 1971-இல் பருவுக்கென்று அனுமதி பெற்றது. பருவுக்காகப் பூசிய நடுவயதுப் பெண்கள் 'முகம் வழவழவென்று ஆகிறது, கோடுகள் குறைகின்றன' என்று சொல்லப்போய்த்தான் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் அந்தப் பக்கம் ஆராய்ந்தார். வெயிலால் முதிர்ந்த தோலுக்கான அனுமதி 1995-இல் வந்தது. ஆக, சுருக்க வைத்தியம் பரு வைத்தியத்தின் உபரி.

பதின்ம வயதுக்காரர்களுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது இதே வகையைச் சேர்ந்த அடாபலீன் 0.1 சதவீத ஜெல். அமெரிக்காவில் 2016 முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இங்கே டாக்டரிடம் காட்டி வாங்குவதுதான் முறை, அதுதான் நல்லதும். ரெட்டினால் சீரத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எளிது. இது எதற்கென்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், எப்போது நிறுத்துவது என்று கேட்க ஆள் உண்டு. இரவில் முகத்தைத் துடைத்து உலர்த்திய பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்கக்கூடாது. முதல் சில வாரம் காய்ந்து, உரிந்து, பரு கொஞ்சம் கூடவும் செய்யும்; பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் ட்யூபோடு கடைக்கு வந்து "இது ஒத்துக்கலை" என்பார்கள். பருவே இல்லாத முகத்துக்கு இதுவும் வேண்டாம்.

கவுண்டரில் நிற்பவளாக இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. ரெட்டினால் என்ற பேச்சே கேட்டிராத ஊர்களிலும் இந்தக் குடும்பத்து மருந்து பெண்பிள்ளைகள் முகத்தில் பல வருடமாகப் பூசப்படுகிறது, 'வெள்ளையாகிற க்ரீம்' என்ற பெயரில். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று மருந்தும் ஒரே ட்யூபில். மங்குக்குச் சில வாரம் மட்டும் பூசச்சொல்லி டாக்டர் எழுதுவது. அம்மாவுக்கு எழுதிய ட்யூபை மகள் எடுப்பாள், மகளிடமிருந்து தோழி. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், முகத்தில் ரோமம் வளரும், நிறுத்தினால் பற்றி எரியும். ஏழு பாட்டில் சீரமா இந்த ஒற்றை ட்யூபா என்று கேட்டால், சீரத்தையே போட்டுக்கொள் என்பேன்.

இப்போது சன்ஸ்கிரீன். என் கணக்கில் போட்டியே இல்லை.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசவைத்தார்கள், மற்றவர்களை இஷ்டத்துக்கு விட்டார்கள். நாலரை வருடம் கழித்துப் பார்த்தால் தினமும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. 2013-இல் வெளியான முடிவு இது. அங்கே பெரும்பாலும் வெள்ளைத் தோல் என்பது உண்மைதான். நமக்கு அந்தப் பலன் சுருக்கத்தைவிடக் கருமைத் திட்டில்தான் முதலில் தெரியும்.

புற ஊதா ஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் தொங்கி, வரி வரியாக. ஸ்கூல் பஸ்ஸில் தினமும் அதே ஜன்னலோரத்தில் உட்காரும் பிள்ளையிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். பத்து சீரம் விளம்பரம் செய்யாத வேலையை அது செய்தது.

விபூதிப் புகாருக்கும் வழி இருக்கிறது. வெண்படலம் பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு வகையில் வருவது. ஜெல் வகைகளில் குறைவு. தோல் நிறச் சாயம் கலந்ததில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் இன்னொரு லாபம்: நம் தோலைக் கருக்கவைக்கிற கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். வெயில் தடுப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, புற ஊதா ஏ தடுப்பைச் சொல்லும் பி.ஏ. குறியில் மூன்று கூட்டலாவது. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. ஒரு சொட்டு வைத்துத் தேய்ப்பது கணக்கில் வராது.

பாட்டி கட்சிக்கும் ஒரு வாய்ப்புத் தரவேண்டும். பயத்தம் மாவு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சந்தேகமே இல்லை. அழுத்தித் தேய்த்தால் பரு உடையும், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளிக்கும், கொப்பளித்த இடம் கறுக்கும். இயற்கை என்பதால் அமிலம் அமிலம் இல்லாமல் போய்விடாது.

எனவே ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால் என் கணக்கு இது: மைல்டான ஒரு பேஸ்வாஷ், மணமில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், மீதி முழுவதும் சன்ஸ்கிரீனுக்கு. பரு இருந்தால் முதல் செலவு டாக்டர் பீஸ்.

அக்கா மகள் ஊருக்குக் கிளம்பும்போது பையில் மூன்று சாமான் இருந்தது. ஹையலுரானிக் ஆசிட்டை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் நான்கு. ரெட்டினாலை என் அக்கா எடுத்துக்கொண்டாள், அவளுக்கு 46. போன வாரம் போன் வந்தது. "சித்தி, அம்மா ராத்திரி அதைப் பூசிக்கிறா, காலையில சன்ஸ்கிரீன் போடாம வெயில்ல மார்க்கெட்டுக்குப் போறா. நீங்களே கேளுங்க."