480 வெள்ளி ‘எதிர்ப்புசக்தி பேக்கேஜ்’: எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்ற மாதம் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் உள்ள லேப்பில் இந்தப் பேக்கேஜை எடுத்தேன். இதே விளம்பரம் பல இடங்களில் தொங்குவதால் லேப்பின் பெயரைப் போடவில்லை. “கடுமையான வைரஸ் தொற்றை உங்கள் உடல் தாங்குமா?” என்று பதாகை. அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

காரணம் அண்ணன். 2021 ஆகஸ்டில் அவருக்குக் கோவிட். எட்டு நாள் வெறும் காய்ச்சல்தான். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கி, கேட்டகரி 5, அதாவது மலேசியக் கணக்கில் மிக மோசமான கட்டம். பதினொரு நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார். அப்போது 61 வயது, சர்க்கரை கிடையாது, லாரி ஓட்டி உரமேறிய உடம்பு. அதே வீட்டில் அண்ணிக்கு இரண்டு நாள் தொண்டை வலியோடு போயிற்று. இவருக்கு மட்டும் ஏன் இப்படி, எனக்கும் வருமா என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை.

ரத்தம் எடுத்த மிஸ்ஸி (நர்ஸ்) நல்ல கைக்காரர், ஊசி போனதே தெரியவில்லை. இரண்டே நாளில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் ஏ.என்.ஏ. 1:80, பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்து. உடம்பு தன்னையே தாக்கும் ஆன்டிபாடி (கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கும் புரதம்) என்று ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். போன் செய்தால், “உங்க டாக்டரைப் பாருங்கம்மா” என்றார்கள். இரண்டு இரவு தூங்கவில்லை. பயத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது சேவை இல்லை.

பிறகு செந்தூலில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குப் போனேன். மாடிப்படி செங்குத்து, கார் நிறுத்த இடமில்லை, முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஆனால் டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, நீலப் பேனாவால் வரைந்து அரைமணி நேரம் விளக்கினார்.

1:80 அளவு ஏ.என்.ஏ. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு இருக்குமாம். மூட்டு வலி, தோல் தடிப்பு எதுவும் இல்லாத எனக்கு அது நோயே இல்லை. அதைவிட முக்கியம், நான் தேடிப் போன விஷயம் அந்தப் பேக்கேஜிலேயே இல்லை.

வைரஸ் புகுந்த செல் முதலில் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்பும். பக்கத்துச் செல்களெல்லாம் அதைக் கேட்டுத்தான் கதவை அடைத்துக்கொள்ளும். சிலருக்கு அந்த இன்டர்ஃபெரானையே பிடித்து முடக்கும் ஆன்டிபாடி தொற்றுக்கு முன்பே ரத்தத்தில் இருக்கிறது. சேதி சொல்ல ஓடுகிறவனின் வாயை வீட்டு ஆளே பொத்தினால் எப்படி? முதல் வாரம் வைரஸ் தடையில்லாமல் பெருகும். பிறகு உடம்பு விழித்துப் பார்க்கும்போது நுரையீரல் முழுக்க வைரஸ். உடனே கையிலுள்ள அத்தனை அழற்சிப் பொருளையும் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. நுரையீரலில் நீர் கோப்பது அந்த அழற்சியால். அண்ணனின் ஒன்பதாம் நாள் எனக்கு அங்கேதான் புரிந்தது.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள், எண் கேட்டேன். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் கஸநோவா குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கோவிட் நோயாளிகளில் 101 பேருக்கு இந்த ஆன்டிபாடி. அதில் 95 பேர் ஆண்கள். லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. எழுபது வயதைத் தாண்டினால் இது கூடுகிறதாம். மோசமான இன்ஃபுளுவென்சா நோயாளிகள் சிலரிடமும் பின்னர் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் வேறு வகை ஆன்டிபாடிகளும் உண்டு. டிங்கியிலும், வைரஸுக்கு எதிராக உண்டாகும் ஆன்டிபாடி தட்டணுக்களில் (ரத்தக் கசிவை நிறுத்தும் அணுக்கள்) போய் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறார்களாம்.

“அண்ணனுக்கு இதுதான்னு நான் சொல்லமாட்டேன். அப்ப யாரும் சோதிக்கல. இது ஆராய்ச்சிக் கூடங்கள்ல செய்ற டெஸ்ட்” என்றார். அந்த நேர்மைக்காகவே இன்னொரு முறை போவேன்.

பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்டீராய்டு மாத்திரை தேடுவதையும் சொன்னேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, கோவிடில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது உண்மை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன் தரவில்லை. ஆரம்பத்தில் எதிரி வைரஸ், பிந்திதான் அழற்சி என்று சொல்லி, நோயின் நாட்களை ஒரு கோடாக வரைந்து இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

கட்டணம் 60 வெள்ளி. ஞாயிறு மாலை கிடையாது, பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். அடுத்த வாரம் அண்ணனையும் கூட்டிப் போனேன். இனி காய்ச்சல் வந்தால் எட்டு நாள் பார்க்காதீர்கள், கோவிட் மருந்தை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும், முதல் நாளே வாருங்கள் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கிளினிக் நம்பரைச் சமையல்கட்டு காலண்டரில் பெரிதாக எழுதிவைத்தார்.