டிஸ்னி டைம்ஷேர்: எத்தனை பாயிண்ட் வாங்கலாம்? எங்கள் 160இன் கணக்கு

நாங்கள் ஜார்ஜியாவில், அட்லான்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெகேஷன் கிளப்பில் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஹோம் ரிசார்ட், அதாவது நாங்கள் பங்கு வாங்கிய இடம், ஓர்லாண்டோவில் உள்ள அனிமல் கிங்டம் வில்லாஸ். நண்பர்கள் யாராவது இதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் "வாங்கலாமா?" என்பார்கள், அடுத்து "எத்தனை பாயிண்ட்?" என்பார்கள். முதல் கேள்விக்கு அவரவர் நிலைமைதான் பதில். இரண்டாவதற்கு எங்கள் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியும்: உங்களுடைய வழக்கமான வருடத்துக்கு எவ்வளவு தேவையோ அதை மட்டும் வாங்குங்கள். எல்லாரும் கூடி வரும் பெரிய வருடத்தைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டாம். நாங்கள் வைத்திருப்பது 160. இத்தனை வருடத்தில் அது குறைந்துபோனதாகத் தோன்றியதே இல்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்தக் கிளப் 1991இல் ஃபுளோரிடாவில் தொடங்கியது. ஒரு ரிசார்ட்டில் உங்களுக்கென்று ஒரு பங்கு வாங்குகிறீர்கள். அந்தப் பங்குக்கு உரிய பாயிண்டுகள் வருடா வருடம் உங்கள் கணக்கில் வந்து விழும். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. போர்டுவாக், பீச் கிளப் ரிசார்ட்டுகள் இரண்டும் 2042இல் முடிகின்றன, சரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2054இல், எங்கள் அனிமல் கிங்டம் 2057இல். பாயிண்ட் என்பது தங்கும் அறைக்கு மட்டும். பார்க் டிக்கெட், சாப்பாடு எல்லாம் தனிச் செலவு. இதைத் தெரியாமல் வாங்கியவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

எண்ணிக்கையை முடிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அறையின் வகை. ஸ்டுடியோ, ஒன் பெட்ரூம், டூ பெட்ரூம், அதற்கு மேல் கிராண்ட் வில்லா என்று வரிசை. கணக்குக்காக ஒரு வாரத்துக்கு ஸ்டுடியோ 110 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், ஒன் பெட்ரூம் அதைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கம் வரும், டூ பெட்ரூம் 300ஐ நெருங்கும். ஆகவே ஸ்டுடியோவா ஒன் பெட்ரூமா என்ற ஒரு முடிவே உங்கள் எண்ணை இரட்டிப்பாக்கிவிடும்.

நாங்கள் ஒன் பெட்ரூமுக்குப் போனதற்குக் காரணம் அடுப்பு. ஸ்டுடியோவில் சின்ன ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கும், சமைக்க முடியாது. ஒன் பெட்ரூமில் முழுச் சமையலறை, பாத்திரங்கள், துவைக்கவும் உலர்த்தவும் மெஷின் எல்லாம் உள்ளேயே இருக்கும். நாள் முழுக்க பார்க்கில் வெயிலில் அலைந்துவிட்டு வரும் குழந்தைகளுக்குச் சுடச்சுட ரசம் சோறு கொடுத்துப் படுக்க வைக்க முடிந்தால் மறுநாள் அவர்கள் முகமே வேறு மாதிரி இருக்கிறது. என் மனைவிக்கு விடுமுறையிலும் சமையலா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஓர்லாண்டோ போனால் இரவுச் சமையல் என் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. வெளியே சாப்பிட்டே பழகிய குடும்பம், இரண்டு பேர் மட்டும், அல்லது கைக்குழந்தையோடு மூன்று பேர் என்றால் ஸ்டுடியோ தாராளம். அப்போது எங்கள் எண்ணில் பாதிகூடப் போதும்.

அடுத்தது எப்போது போகப் போகிறீர்கள் என்பது. கிளப் வருடத்தை ஏழு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பாயிண்ட் அட்டவணை வைத்திருக்கிறது. செப்டம்பர்தான் மலிவு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள் உச்சம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் செப்டம்பர் அட்டவணையைப் பார்த்து ஆசைப்படுவதில் பயனில்லை. ஜார்ஜியாவில் மே கடைசியில் பள்ளி மூடினால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். அதனால் எங்களுக்கு ஜூன்தான். எந்த மாதமானாலும் வெள்ளி, சனி இரவுகளுக்கு மற்ற இரவுகளைவிட பாயிண்ட் அதிகம். நாங்கள் ஞாயிறு காலை காரில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வழியில் நிறுத்தி, மாலைக்குள் போய்ச் சேர்ந்து, வெள்ளி காலை அறையைக் காலி செய்துவிடுவோம். ஐந்து இரவு. அந்த இரண்டு விலையுயர்ந்த இரவுகளைத் தவிர்ப்பதால் எங்கள் வாரத்தில் ஒன் பெட்ரூம் 150ஐ ஒட்டி அடங்கிவிடுகிறது.

150 போதும் என்றால் 160 ஏன்? ஒரு ரிசார்ட்டின் மொத்த பாயிண்டைக் கிளப் கூட்ட முடியாது. ஆனால் ஒரு பருவத்தில் கூட்டி இன்னொன்றில் குறைத்து அட்டவணையை மாற்றி அமைக்கலாம். இன்று 150க்குக் கிடைக்கும் உங்கள் வாரம் சில வருடம் கழித்து 156 ஆகலாம். அந்த ஆறு இல்லாமல் ஓர் இரவை இழப்பதைவிடச் சிறிது இடம் விட்டு வாங்குவது நல்லது. அதே காரணத்துக்காக, அட்டவணையின் மிக மலிவான வரியைப் பார்த்து எண்ணை முடிவு செய்யவும் வேண்டாம். அனிமல் கிங்டமில் வேல்யூ என்று ஒரு வகை உண்டு. பாயிண்ட் மிகக் குறைவு, அறைகளும் மிகக் குறைவு. ஹோம் ரிசார்ட்டில் 11 மாதம் முன்னால் புக் செய்யலாம், மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்னால்தான். வேல்யூ அறைகள் அந்த 11 மாதக் கதவு திறக்கும் காலையிலேயே போய்விடும். போர்டுவாக்கின் ஸ்டாண்டர்டு வியூ என்ற மலிவு வகையும் அப்படித்தான். கிடைத்தால் மகிழ்ச்சி. வாங்கும் கணக்கை மட்டும் அதன்மேல் கட்டாதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த டைம்ஷேர் விற்பனை மேசையிலும் கணக்கு ஒரே மாதிரிதான் ஓடும்: வருடா வருடம் ஒரு வாரம், குடும்பம் முழுவதும். நம்மில் பலருடைய வாழ்க்கை அப்படி இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறை முழுக்க ஊருக்குப் போய்விடும். நான்கு பேருக்கு விமான டிக்கெட் எடுத்த வருடத்தில் ஓர்லாண்டோவைப் பற்றி யோசிக்கவும் மாட்டோம். இன்னொரு வருடம் அம்மா அப்பா விசிட்டர் விசாவில் வந்து நம்மோடு ஆறு மாதம் இருப்பார்கள். அந்த வருடம்தான் பெரிய அறை தேவை. அதாவது ஒரு வருடம் பூஜ்யம், ஒரு வருடம் இரண்டு பங்கு, மற்ற வருடங்கள் ஒரு பங்கு. இந்தக் கிளப்பின் விதிகள் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. இந்த வருடப் பாயிண்டை அடுத்த வருடத்துக்கு பேங்க் செய்யலாம், அடுத்த வருடத்திலிருந்து முன்கூட்டியே எடுத்தும் கொள்ளலாம். மூன்று வருடப் பாயிண்டை ஒரே பயணத்தில் செலவழிக்கவும் முடியும். எங்களுக்கு அது 480 ஆகிறது.

நாங்கள் அந்த அளவுக்குப் போனதில்லை. ஊருக்குப் போன வருடத்தின் 160ஐ பேங்க் செய்து, பெற்றோர் வந்த வருடத்தின் 160ஐச் சேர்த்தபோது, எங்கள் ரிசார்ட்டின் ஒரு பகுதியான கிடானி வில்லேஜில், விலங்குகள் மேயும் சவானா புல்வெளியைப் பார்த்த டூ பெட்ரூம் ஒரு வாரம் முழுக்கக் கிடைத்தது. அங்கே டூ பெட்ரூமுக்கு மூன்று குளியலறை. அப்பாவுக்கு முழங்கால் வலி, யாரும் கதவைத் தட்டாமல் அவருக்கென்று ஒன்று இருந்தது பெரிய நிம்மதி. அம்மா வழக்கம்போல ஐந்து மணிக்கே எழுந்து காபி போட்டு, டம்ளரோடு பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார். வெளிச்சம் வரும்போது கீழே ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய வரும். குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து போர்வையோடு போய்ப் பாட்டியிடம் ஒட்டிக்கொள்வார்கள். மாலையில் கீழேயே இருக்கும் சனா உணவகத்தில் நான் ரொட்டியும் சட்னி வகைகளும் கிடைக்கும், சாப்பாட்டுக்காக அப்பாவை எங்கும் நடக்க வைக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வாரம் வருடா வருடம் வேண்டும் என்று 300 பாயிண்ட் வாங்கியிருந்தால், பெற்றோர் இல்லாத வருடங்களில் அந்த மூன்று குளியலறையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம்?

ஏனென்றால் பாயிண்ட் சும்மா கிடக்காது, வருடா வருடம் பணம் கேட்கும். பராமரிப்புக் கட்டணம் பாயிண்ட் கணக்கில்தான் வரும், ஜனவரியில் பில். ரிசார்ட்டுக்கு ரிசார்ட் தொகை மாறும். பாயிண்டுக்கு 9 டாலர் என்று வைத்துப் பார்த்தால் 160க்கு 1,440 டாலர், 300க்கு 2,700 டாலர். வித்தியாசம் 1,260 டாலர், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். இந்தத் தொகை கூடிக்கொண்டு போகுமே தவிர குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கும் விலையை ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். இதை 2057 வரை மறக்க முடியாது. அதனால் மாதத் தவணை எவ்வளவு என்று யாராவது பேச ஆரம்பித்தால், பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கடனுக்கு வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வட்டி சேர்ந்தால் ஹோட்டலில் தங்குவதைவிட மிச்சம் என்ற கணக்கே மாறிவிடும்.

பாயிண்ட் குறைவாக வைத்திருந்தால் என்றைக்காவது பற்றாமல் போகாதா என்று கேட்கிறார்கள். போகலாம். அதற்கு வழி இருக்கிறது. வேறு உறுப்பினரிடமிருந்து பாயிண்டை மாற்றிக்கொள்ளலாம், ஒரு யூஸ் இயரில் (உங்கள் பாயிண்டுக்கு உரிய பன்னிரண்டு மாதத்தில்) ஒருமுறை. அவர்களுடைய பாயிண்டில் அறையை வாடகைக்கு எடுக்கவும் செய்யலாம். உறுப்பினரே இல்லாதவர்களும் வாடகைக்கு எடுக்க முடியும் என்பதால், வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் ஓரிரு முறை அப்படித் தங்கிப் பார்ப்பது நல்லது. ஸ்டுடியோ உங்கள் குடும்பத்துக்குப் போதுமா என்பது அட்டவணையைப் பார்த்துத் தெரியாது, நான்காவது நாள் ஈரத் துணி காயப்போட இடம் தேடும்போது தெரிந்துவிடும்.

யூஸ் இயரைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை, பட வேண்டும். பாயிண்ட் உங்கள் கணக்கில் வரும் மாதத்தில் தொடங்கும் வருடம் அது. அந்த மாதத்திலிருந்து முதல் எட்டு மாதத்துக்குள் மட்டுமே பேங்க் செய்ய முடியும். எங்களுடையது ஏப்ரல், கடைசி நாள் நவம்பர் 30. ஜூனில் போக வேண்டிய பயணம் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் நின்றுபோனாலும் அந்தப் பாயிண்டைக் காப்பாற்ற அவகாசம் இருக்கிறது. ஜூனில் பயணம் போகிறவர்கள் ஆகஸ்ட் யூஸ் இயர் வாங்கினால் பேங்க் கெடு மார்ச்சோடு முடிந்துவிடும், பயணம் ரத்தானால் ஜூலைக்குள் எப்படியாவது செலவழித்தே ஆக வேண்டும். இன்னொன்று, தங்கும் தேதிக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் அந்தப் பாயிண்ட் ஹோல்டிங் கணக்குக்குப் போகும். அதை வைத்து அடுத்த 60 நாளுக்குள்ளான தேதிகளை மட்டுமே புக் செய்யலாம், பேங்க் செய்ய முடியாது. எண்ணிக்கை சரியாக இருந்து யூஸ் இயர் தவறாக இருந்தால் பாயிண்ட் இப்படித்தான் வீணாகும்.

டிஸ்னியிடம் நேரடியாக வாங்குவதா, வேறு உறுப்பினர் விற்பதை ரீசேலில் வாங்குவதா என்பதும் எண்ணிக்கையோடு சேர்ந்த கேள்வி. உறுப்பினர் சலுகைகள் கிடைக்க நேரடியாக 150 பாயிண்டாவது வாங்கியிருக்க வேண்டும். ரீசேலில் விலை குறைவு, 100, 120 என்று சிறிய கான்ட்ராக்டுகளும் கிடைக்கும். ஆனால் 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கிய பழைய ரிசார்ட் பாயிண்டை வைத்து ரிவியேரா ரிசார்ட்டிலும் அதற்குப் பின் வந்த புதிய ரிசார்ட்டுகளிலும் தங்க முடியாது. எங்களுக்கு அனிமல் கிங்டமே பிடித்த இடம் என்பதால் ரீசேல் சரியாகப் பொருந்தியது. விற்பவரோடு விலை பேசி முடித்த பிறகும் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு, அந்தப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

200க்கு மேல் உண்மையிலேயே தேவைப்படும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை: ஒரே கான்ட்ராக்டாக வாங்காமல், ஒரே யூஸ் இயரில், ஒரே பெயர்களில் இரண்டாக வாங்குங்கள். புக் செய்யும்போது இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒன்றை விற்றுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். ஒரு கான்ட்ராக்டைப் பிளந்து பாதியை விற்க முடியாது. பத்திரச் செலவு இரண்டு முறை வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரடி விற்பனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹோட்டல் அறைக்கு வந்து எண்ணிக்கை அதிகமோ என்று யோசிப்பவர்களுக்கு ஃபுளோரிடா சட்டம் 10 நாள் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் ரத்து செய்தால் பணம் திரும்பி வரும். அந்த நாட்களில் அட்டவணையை எடுத்து, நீங்கள் போகக்கூடிய வாரத்தையும் அறையையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். எண் குறைந்தால் ரத்து செய்துவிட்டுக் குறைந்த எண்ணிக்கைக்குப் புதிதாகக் கையெழுத்துப் போடலாம். பிறகு தேவைப்பட்டால் உறுப்பினர்கள் சிறிய அளவில் கூடுதலாக வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.